நானூறு

கானாடுகாத்தான் பள்ளி மைதானத்தில்
சுண்ணாம்பால் இழுத்த ஆறு பாதை.
நாலாவது என்னுடையது.
ஒரு சுற்று, நானூறு மீட்டர்.
அறுபத்து மூன்று நொடிக்கு
யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.
பக்கத்துப் பாதையில் ஒருத்தி விழுந்தால்
திரும்பிப் பார்ப்பதும் நேரக் கணக்கில் சேரும்.
திரும்பாமல் ஓடினேன், மூன்று வருடம்.

கபடிக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை.
ஏழாவது பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தது.
"சும்மா வந்து நில்லு, தலை எண்ணிக்கைக்கு"
என்றாள் சிகப்பி.
முதல் ரைடில்
அவர்கள் கடைக்கோடு வரை போய்த் திரும்பினேன்.
ஒரு விரல் என்மேல் படவில்லை.
நடுவர் கை தூக்கினார்: அவுட்.
பாட மறந்திருந்தேன்.
ஓட்டக்காரிக்கு வாய் எதற்கு?

அன்றிலிருந்து என் பெயர் நானூறு.
"ஏ நானூறு, சில்லறை இருக்கா?"
என்பாள் ஜெசிந்தா, பார்க்கும்போதெல்லாம்.

வெளியே போனவள்
தானாக உள்ளே வர முடியாது.
வேறொருத்தி தொட வேண்டும்
அல்லது பிடிக்க வேண்டும்.
அதுவரை கோட்டுக்கு வெளியே
குத்தவைத்துக் காத்திருக்கும் வியர்வை
எனக்குப் புதிது.

பத்தாம் வகுப்பில் என்னைக் கேப்டன் ஆக்கினார்கள்.
வேகம் இருந்தது, உயரம் இருந்தது,
வேறென்ன வேண்டும் என்று நானும்தான் நினைத்தேன்.
தேவகோட்டையில் முதல் ஆட்டம்.
உள்ளே இருந்த நேரமெல்லாம்
நானே பாடிப் போனேன்.
பத்தொன்பது புள்ளியில் தோற்றோம்.
பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை
காரைக்குடி தாண்டியும் காலியாகவே வந்தது.
இறங்கும்போது சிகப்பி கேட்டாள்:
"நாங்க ஆறு பேரும்
வேடிக்கை பார்க்கவா டிக்கெட் எடுத்தோம்?"

ராத்திரி கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
ஆறு பெயர் எழுதினேன்.
பெயருக்கு நேரே எழுத ஒன்றுமில்லை.
ரிஸ்வானா இடது கையா வலது கையா,
அதுகூட.

வீடு வீடாகப் போனேன்.
முத்துக்கருப்பிக்கு இடது மணிக்கட்டில்
தேன்குழல் எண்ணெய் தெறித்த தழும்பு;
அங்கே பிடித்தால் சங்கிலி அறும்.
ரிஸ்வானாவின் உள்ளங்கை எப்போதும் ஈரம்;
விரலைக் கோக்காமல் முழங்கையைப் பிடி.
படப்பிடிப்பு நாளில் மூன்று பேர் வராதது
சோம்பல் இல்லை:
பெரிய வீட்டு வளவில் கூட்டத்தோடு நின்றால்
ஐநூறு ரூபாய், ஒரு பிரியாணிப் பொட்டலம்.

பயிற்சியை விடிகாலை ஐந்துக்கு மாற்றினேன்.
கேப்டனாக நான் செய்த முதல் காரியம்
அதுதான்.
மைதானத்தில் விளக்கு கிடையாது.
ஒருநாள் படப்பிடிப்பு லாரிக்காரர்
தூக்கக் கலக்கத்தோடு
ஒரு விளக்கை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்.
பூட்டிய வீட்டின் நீள மதிலில்
ஏழு நிழல் கை கோத்து நின்றது.
யார் கை எது என்று
என்னால் பிரிக்க முடியவில்லை.

காரைக்குடியில் இறுதி ஆட்டம்.
கடைசி ரைடு. ஒரு புள்ளி பின்னால்.
நான் வெளியே.
மூன்றாவதாக அவுட் ஆனவள்
மூன்றாவதாகத்தான் உள்ளே வரலாம்;
கேப்டனுக்கென்று தனி வரிசை கிடையாது.
ஜெசிந்தா கோட்டைத் தாண்டும் முன்
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
சொல்ல நாக்கு நுனிவரை வந்தது,
அவர்கள் வலது கார்னர் கால் நொண்டுகிறது என்று.
விழுங்கிக்கொண்டேன்.
அவளுக்கும் கண் இருக்கிறது.

பாடினாள்.
உதடு அசையாமல் நானும் பாடினேன்,
அவள் மூச்சு எங்கே முடியும் என்று
என் நெஞ்சுக்குத் தெரிந்திருந்தது.
நொண்டும் காலைத் தொட்டாள்.
பிடிக்க வந்தவளையும் இழுத்துக்கொண்டு
செம்மண்ணில் நீண்டு விழுந்தாள்.
நகம் மட்டும் நடுக்கோட்டில்.

இரண்டு புள்ளி.
எனக்கு முன்னால் இருந்த இருவரும்
எழுந்தார்கள். அடுத்தது நான்.
நீண்ட விசில்.

எழவே இல்லை.
நானூறு மீட்டர் ஓடி முடித்தவள்போல்
இரைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.
புழுதியோடு வந்தாள் ஜெசிந்தா,
இரண்டு விரலைக் காட்டி,
"ஏ நானூறு,
இந்தா சில்லறை."