பத்தாம் நாள்

மார்ச் இருபத்தேழு, வெள்ளிக்கிழமை.
வேலை விசா நீட்டிப்பு மறுக்கப்பட்டது என்ற கடிதத்தைக்
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
டர்பனில் அன்று மழை.
உறை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்,
ஏதோ நல்ல சேதி போல.

இரவுக்குள் ஆலோசனைகள் வந்துவிட்டன.
ஓவர்போர்ட் சலூன்காரர் கத்திரியை நிறுத்தாமலே சொன்னார்:
"எஸ்வாத்தினி எல்லைக்குப் போ,
முத்திரை குத்து, திரும்பி வா."
கோயில் கமிட்டிப் பொருளாளருக்கு
ஒரு கவுன்சிலரைத் தெரியுமாம்.
எந்தக் கவுன்சிலர் என்பது
அவருக்கே சரியாகத் தெரியவில்லை.
ஏஜெண்டு இன்பன் சிரித்தார்:
"இது எல்லோருக்கும் வருகிற கடிதம். சும்மா இரு.
மே மாதம் புதிதாகப் போடுவோம்.
ஆறாயிரம் ராண்டு, பாதி முன்பணம்."

சும்மா இருந்தேன்.
எல்லோரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள்;
இன்பனும்கூட, தன் நல்லதையும் சேர்த்து.

பெரிய வெள்ளியன்று
மவுண்ட் எட்ஜ்கோம்பில் பூ மிதித்தேன்.
பத்து நாள் விரதம், மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை.
சுடவில்லை என்று சொன்னால் பொய்.
இடது குதிகாலில் ஒரு கொப்புளம்.
அம்மனிடம் கேட்டதைக் கேட்டேன்.
எத்தனை நாளுக்குள் என்று சொல்ல
எனக்கும் தெரியவில்லை.

பாத்திரம் கழுவும் காங்கோக்காரன் ம்புயிதான்
ஏப்ரல் பதின்மூன்று ராத்திரி
ஈரக் கையோடு ஒரு அட்டையை நீட்டினான்.
"என் அகதித் தாளுக்காக இவரிடம்தான் போனேன்.
சிரிக்கமாட்டார். போ."

மறுநாள் சித்திரை ஒன்று.
நானூறு வடைக்கு ஊறப்போட்ட உளுந்தை
விட்டுவிட்டுப் போனேன்.

வழக்கறிஞர் லோகாம்பாள் வீரன்.
தேவாரம் பாட வரும், தமிழ் பேச வராது.
என் பெயரை வெய்லூ மூத்தூ என்று வாசித்தார்.
கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு உறையைக் கேட்டார்.
"எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டீர்கள்?"
பதினெட்டு நாளில்
யாரும் கேட்காத கேள்வி அது.

மேல்முறையீட்டுக்குப் பத்து வேலைநாள் என்று
இரண்டாம் பக்கத்தின் அடியில்
எறும்பு எழுத்தில் இருந்தது.
என் வயிற்றில் எண்ணெய் கொதித்தது.
முடிந்தது, ஊருக்குப் போகிற பெட்டி, தங்கையின் சீட்டுப் பணம்,
எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன.

அவரோ சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றினார்.
பென்சிலால் எண்ணினார்.
வாங்கிய நாள் கணக்கில் இல்லை.
சனி ஞாயிறு இல்லை.
நீங்கள் தீ மிதித்த வெள்ளி, அரசு விடுமுறை, இல்லை.
அதற்கடுத்த திங்கள், குடும்ப நாள், இல்லை.
பென்சில் ஒரு கட்டத்தில் நின்றது.

"நம் வருஷப் பிறப்புக்கு
இந்த நாட்டில் லீவு கிடையாது, தெரியுமா?
இன்றைக்குத்தான் பத்தாம் நாள்.
மூன்று மணிக்குக் கவுண்டர் மூடுவார்கள்."

மாவு எப்போது புளிக்கும் என்று எனக்குத் தெரியும்.
மணியைப் பார்க்காமல், மூடியைத் திறக்காமல், வாசனையில் சொல்வேன்.
தாள் எப்போது புளிக்கும் என்று
தெரிந்தவரை அன்றுதான் பார்த்தேன்.

முதலாளியிடமிருந்து ஒரு சான்றிதழ், போனிலேயே அதட்டி.
என்னிடமிருந்து ஒரு சத்தியக் கடிதம்.
"நடந்ததை மட்டும் சொல்லுங்கள், நடந்திருக்க வேண்டியதை அல்ல."
எஸ்வாத்தினி யோசனையைச் சொன்னேன்.
பேனாவை மூடி வைத்தார்:
"போயிருந்தால் திரும்பி வந்திருக்கமாட்டீர்கள்."

இரண்டு ஐம்பதுக்கு முத்திரை விழுந்தது.

ஜெயிக்கும் என்று அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை; கேட்டேன், இரண்டு முறை.
"கதவு இன்னும் மூடவில்லை. அவ்வளவுதான்
இன்று என்னால் சொல்ல முடியும்."
கட்டணத்துக்கு ரசீது கொடுத்தார்.
இன்பன் ரசீது கொடுத்ததே இல்லை.

நேற்று சலூனில் முடிவெட்டப் போனேன்.
பக்கத்து நாற்காலியில் ஒரு பையன்,
ராஜபாளையம், படிப்பு விசா, அவன் கையிலும் ஒரு கடிதம்.
"அண்ணே, உங்களுக்கு எத்தனை நாள் கொடுத்தாங்க?"
பத்து என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

விழுங்கிவிட்டு
அட்டையைக் கொடுத்தேன்.
உறையையும் எடுத்துப் போ என்றேன்.