பன்னிரண்டு வரை

படத்தில் அரிசி அளவு வெள்ளை.
பழைய தழும்பாக இருக்கலாம்,
திரும்பி வந்ததாகவும் இருக்கலாம்.
திறந்தால்தான் தெரியும் என்றார் டாக்டர் ந்தூலி.
கதவைச் சொல்கிறாரென்று
எழப்போனாள் அமிர்தம்.
சிரித்தோம். அவளும்தான்.
பிறகு லிஃப்டில் யாரும் பேசவில்லை.

போன முறை முழு மயக்கம்.
இந்த முறை நடுவில் எழுப்புவார்களாம்.
பேச்சு குடியிருக்கும் இடத்தின் ஓரத்தில் கத்தி;
அவள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.
"எந்த மொழியில் எண்ணுவார்?"

இங்கிலீஷ், என்றான் தேஷன், இதென்ன கேள்வி என்பதுபோல்.
சண்டை இங்கிலீஷ், சாமி தமிழ்,
கீரைக்காரியிடம் சூலு, என்றாள் ப்ரியோஷ்னி.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
முப்பத்தொரு வருஷம்.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றிரவு சாட்ஸ்வர்த் முழுக்கக் கரண்ட் இல்லை.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
வாரத்து மாத்திரைகளைக் கிழமைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.
உதடு அசைந்தது.
ஒண்ணு, ரெண்டு, மூணு
பன்னெண்டு வந்ததும் நின்று
மறுபடி ஒண்ணு.
ஜேக்கப்ஸ் சட்டை ஆலை!
காலர் ஒரு டஜன், ஒரு கட்டு.
காலர் ஒரு டஜன், ஒரு கட்டு.
ஆலை மூடிப் பதினாறு வருஷமாகிறது.
நாக்குக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

விடிந்ததும் போன் செய்தேன்.
தமிழ்தான் டாக்டர், பன்னிரண்டு வரைக்கும்தான்.
அங்கே நின்றால் மறந்துவிட்டாளென்று
எதையும் எழுதிவிடாதீர்கள்.
அப்புறம், ஏழை அவள் ஏளு என்பாள்.
அது கட்டி செய்த வேலை இல்லை,
கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான்.
ஒரு நிமிஷம், பேனா எடுத்துக்கொள்கிறேன், என்றார்.

வியாழக்கிழமை. ஆறு மணி.
ஆஸ்பத்திரிக் கூரையில் ஹடீடா பறவைகள்
யாரையோ திட்டுவதுபோல் கத்தின.
பாதித் தலை மழித்திருந்தார்கள்.
"மிச்சத்துக்கும் காசு வாங்குவாங்களா?" என்றாள்.
தாலியைக் கழற்றி என் கையில் வைத்தாள்,
வளையலை ப்ரியோஷ்னியிடம்,
மூக்குக்கண்ணாடியை, யோசித்து, தேஷனிடம்.
கதவு தானாக மூடிக்கொண்டது.

தேஷன் பார்க்கிங் சீட்டை
இனி மடிக்க முடியாத அளவுக்கு மடித்துவிட்டான்.
காப்பி மெஷின் என் ஐந்து ராண்டைத் துப்பியது,
மறுபடியும் போட்டேன்,
மறுபடியும் துப்பியது.

பத்து மணிக்குமேல் எழுப்புவதாகச் சொன்னார்கள்.
பத்தேகால்.
ப்ரியோஷ்னி வளையல்களை விரலில் தள்ளித் தள்ளி
வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தாள்.
சட்டென்று நின்று, என்னைத் திரும்பிப் பார்க்காமல்,
"அப்பா,
எட்டுக்கு அப்புறம் என்ன?"