இருபத்தொன்று

வெள்ளைக் கோடு தெரிந்தால் சாலை.
தெரியாவிட்டால் ஏரி.
சுப்பீரியர் கரையோரம்
பதினோரு குளிர்காலமாய்ப் பனி தள்ளுகிறேன்.
லாரியில் உப்பு உண்டு, மணல் உண்டு,
தார் மாதிரி காப்பி உண்டு.
கழிப்பறை கிடையாது.

போன அக்டோபரில் என் குடலில்
ஒரு முழம் வெட்டி எடுத்தார்கள்.
மிச்சமிருந்தது
எதையும் பிடித்து வைக்க மறந்துபோயிற்று.
டூ ஹார்பர்ஸிலிருந்து சில்வர் பே வரை
எந்த பெட்ரோல் பங்க் எத்தனை மணிக்குச் சாத்தும்,
எவன் சாவி தருவான், எவன் முகம் சுளிப்பான்,
என்னைக் கேளுங்கள்.

மருந்தாளர் பஹூவா மூவா
ஆரஞ்சுக் குப்பியை உடனே நீட்டவில்லை.
மூடிமேல் கை வைத்தபடியே கேட்டாள்:
காய்ச்சல் உண்டா, மார்லிஸ்?
இரத்தம் போகிறதா?
சமீபத்தில் ஆன்டிபயாடிக்?
இல்லை, இல்லை, இல்லை.
"இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தரமாட்டேன்.
திருடன் உள்ளே இருக்கும்போது
கதவைத் தாழிடக் கூடாது."

பிறகு சொன்னாள்,
ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்தாம்.
ஒன்று குடலை மெல்ல நடக்கச் சொல்லும்.
மற்றது துளியிலும் துளி,
ஆசைப்பட்டு அள்ளி விழுங்குகிறவர்களுக்காக
உள்ளேயே உட்காரவைத்த காவல்.
அளவு மீறினால் எழுந்துகொள்ளும்.
"எழுப்பாதீர்கள்.
எப்படி மயக்குகிறது என்று தெரியும்வரை
லாரிப் பக்கம் போகாதீர்கள்."

லாரிப் பக்கம் போகவில்லை, அது உண்மை.
எழுப்பினேன், அதுவும் உண்மை.
ஒரு விடுமுறை நாள், சலிப்பில்,
நாலு மணி நேரத்துக்கு முன்பே இன்னும் இரண்டு.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
சுவர்க் காலண்டரில் எழுத்து கலைந்தது.
நெஞ்சு, மூடிய கொட்டிலில் குதிரை.
யாரிடமும் சொல்லவில்லை.
இப்போதுதான் சொல்கிறேன்.

பிப்ரவரி, ஞாயிறு.
தங்கை கரீன் வந்திருந்தாள், லின்னியாவோடு.
உப்பில் வெடித்த விரல்களால்
மூடியை அழுத்தித் திருக வலித்தது எனக்கு.
'டக்' கேட்கும்வரை திருகவில்லை.
அவ்வளவுதான் என் குற்றம்.
அவ்வளவு போதும்.

சமையலறைத் தரையில் இரண்டு வயது,
கையில் கிலுகிலுப்பை.
தரையெல்லாம் வெள்ளைப் புள்ளி.
இருபத்திரண்டு இருக்க வேண்டும்.
எண்ணினேன், இருபத்தொன்று.
அடுப்புக்கடியில் கைவிட்டு மறுபடி எண்ணினேன்.
இருபத்தொன்று.
வயிற்றில் புளியைக் கரைத்தது.
அதை நிறுத்த எந்த மாத்திரையும் இல்லை.

"நல்லாத்தானே சிரிக்கிறாள்" என்றாள் கரீன்.
நஞ்சு உதவி மையத்துக் குரல்
சிரிப்பை நம்பவில்லை.
"இது தாமதமாக வரும்.
வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
குப்பியையும் எடுத்துக்கொண்டு
இப்போதே கிளம்புங்கள்."

வெளியே ஒரு கை தூரம் தெரியவில்லை.
ரேடியோவில் டெல்பர்ட்டைக் கூப்பிட்டேன்.
காரணம் கேட்காமல் லாரியைத் திருப்பினான்.
டுலூத் வரை அவன் முன்னே தள்ளத் தள்ள,
அவனுடைய மஞ்சள் விளக்கைப் பிடித்துக்கொண்டு
நாங்கள் பின்னே.

இருபத்துநாலு மணி நேரம் வைத்துக்கொண்டார்கள்.
சிறு உடம்பு தூங்கத் தூங்க
மூச்சுவிட மறந்துவிடுமாம்.
அங்குலக் கணக்கில் பனியை அளப்பவள்
அன்றிரவு மூச்சை அளந்தேன்.
நிமிடத்துக்கு இருபத்தாறு. இருபத்தைந்து.
இருபத்துமூன்று வந்தபோது
நர்ஸை எழுந்துபோய் இழுத்துவந்தேன்.
"தூக்கம்தான்" என்றாள், கோபமில்லாமல்.
கரீன் என்னைப் பார்க்கவில்லை.
மறுநாள் மாலைவரை பார்க்கவில்லை.

வியாழக்கிழமை, பனிக் கையுறைக்குள்
விரல் நுனியில் ஏதோ உறுத்தியது.
வெள்ளையாய், கம்பளி நூல் சுற்றி,
இருபத்திரண்டாவது.

சிரிக்கவும் முடியவில்லை.
பஹூவாவிடம் கொண்டுபோனேன்.
பழைய மருந்துப் பெட்டியில் போட்டுவிட்டு
என் கையுறையை ஒருதரம் உதறித் தந்தாள்.

இப்போது இரும்புப் பெட்டி, உயரத்தில்.
சாவி லாரிச் சாவியோடு.
வலித்தாலும் 'டக்'.

மார்ச்சில்தான் மறுபடி வந்தார்கள்.
லின்னியா நேரே சமையலறைக்குப் போய்
"கிலுகிலு எங்கே?" என்றாள்.
தயிர் டப்பாவில் பட்டாணி போட்டுக் கொடுத்தேன்,
டேப் சுற்றி,
டேப்புக்கு மேல் டேப் சுற்றி.