ஜூலை மாத மழைநீர்

இந்த ஊர் நன்றாக இருக்கிறதா என்று
பேப்பரில் கட்டம் போட்டுக் காட்டுகிறார்கள்.
அம்பு மேலே போனால் பச்சை.
எனக்கு அதைப் படிக்கத் தெரியாது.
ஐயாயிரம் கேலன் டேங்கர் ஓட்டுகிறேன்,
சஜாவில், பின்பக்கக் கேம்புகளில்
குழி உறிஞ்சுகிற வேலை.
மூடியைத் தூக்கி டார்ச் அடித்தால்
மட்டம் சொல்லிவிடும்.

கொழித்த வருஷத்தில்
பதினேழாம் கேம்ப் தினம் நிரம்பும்.
ரூமுக்கு எட்டுக் கட்டில், இரண்டு ஷிப்ட்;
பகலில் தூங்கியவனின் சூடு ஆறுவதற்குள்
இரவில் தூங்குகிறவன் வந்து படுப்பான்.
வெள்ளிக்கிழமை பிரியாணி என்றால்
சனிக்கிழமை எனக்கு ஒரு ட்ரிப் கூடுதல்.
ட்ரிப்புக்குப் பதினைந்து திர்ஹம்.
மூக்கைப் பிடிக்கிறவர்களிடம் சொல்வேன்,
இது சம்பளம் வாங்கியவனின் வாசனை.

பிறகு ஒரு பிப்ரவரியில்
பாலம் கட்டிய கம்பெனி பாதிப் பாலத்தில் நின்றது.
தினம் என்பது மூன்று நாளாயிற்று,
மூன்று நாள் வாரமாயிற்று.
கிச்சன் குழியில் எண்ணெய் ஆடை மெலிந்தது:
கறி போய்க் கோழி,
கோழி போய் முட்டை,
முட்டை போய்ப் பருப்பு.
குச்சியால் விலக்கிப் பார்த்தே சொல்வேன்.
பேப்பரில் அப்போதும் பச்சைதான்.

கேம்ப் வாடகை இறங்கிவிட்டது என்று
ஷேர் டாக்ஸியில் ஒருவர் சந்தோஷப்பட்டார்.
இறங்கியது உண்மை.
நாலு கேம்பைப் பூட்டி
எல்லோரையும் ஐந்தாவதில் திணித்தார்கள்.
நாலு குழி காய்ந்தது, ஒரு குழி ரோட்டுக்கு வழிந்தது.
சராசரி எடுத்தால் சரியாகத்தான் வரும்.

கேம்புகளில் யாரும் பிறப்பதில்லை.
பிறப்பு இறப்பு இரண்டும் ஏர்போர்ட்டில்தான்,
இறங்கினால் ஒன்று, ஏறினால் மற்றது.
மணலில் அடுக்கிய இரும்புக் கட்டில்களை
ஸ்க்ராப்காரன் எடை போட்டான், கிலோவுக்கு அறுபது ஃபில்ஸ்.
ஆள் கணக்கு அவனிடமும் இருக்கிறது.

ஜூலையில் ஒன்பதாம் கேம்புக்கு அனுப்பினார்கள்.
முதலாளி எங்கோ போய் ஐந்து மாதம்,
கரண்ட் இல்லை, லிஸ்டில் ‘காலி’.
கடைசியாக உறிஞ்சிவிட்டு மூடியை அடைத்து வா என்றான் பிஜோய்.

மூடியைத் தூக்கினேன்.
விளிம்பு வரை.

நிமிர்ந்து பார்த்தேன்.
ஜன்னல்களில் அட்டை. உள்ளே ஒரு கொடியில்
ஈரம் சொட்டும் பனியன்.
கொஞ்ச நேரத்தில் ஒருவன் வந்தான், மஹதோ என்றான்,
ஷட்டரிங் கார்பென்டர்.
ஏழு மாதச் சம்பளம் பாக்கி,
விட்டுவிட்டுப் போனால் போனதுதான் என்று இருக்கிறார்களாம்.
எத்தனை பேர் என்றேன்.
குழியைக் காட்டி, நீயே சொல்லேன் என்றான்.
இன்னொரு முறை டார்ச் அடித்தேன்.
நாற்பத்து மூன்று.
நாற்பத்திரண்டு, என்றான்,
ஒருத்தனுக்கு வயிற்றுப்போக்கு.
குழியின் இரண்டு பக்கமும் நின்று
சிரித்தோம். வெகு நேரம்.

ட்ரிப் ஷீட்டில் மூன்று கட்டம்.
கேம்ப் எண் எழுதினேன்.
‘நபர்கள்’ என்ற இடத்தில் பேனா நின்றது.
நாற்பத்திரண்டு என்றால் நாளைக்கே வண்டி வரும்,
டேங்கர் அல்ல, ஜன்னலில் கம்பி வைத்தது.
பூஜ்யம் என்றால் ஐயாயிரம் கேலன் எங்கிருந்து வந்தது?
என் பதினைந்து திர்ஹமும் போகும்.

நபர்கள்: 0
காரணம்: மழைநீர்.

பிஜோய் படித்தான்.
ஆபீஸ் ஜன்னல் வழியே
நாற்பத்தெட்டு டிகிரி வானத்தைப் பார்த்தான்.
ஒரு மேகம் இல்லை; ஒரு காக்கை கூட இல்லை.
சீலை மையில் ஒற்றி, அழுத்திக் குத்தினான்.
அடுத்த வாரமும் பெய்யுமா என்று கேட்டான்.
பெய்யும் போலத்தான் இருக்கிறது என்றேன்.