ஒன்றரை பார்

பேனல் ரெண்டையும் முதலில் மூடணும்.
வெயில் பட்டால் குழாய் கொதிக்கும்,
கொதிக்கிற குழாயில் ஏற்றுவது
ஆவியாகி என் முகத்துக்கே திரும்பும்.
பழைய போர்வை இருக்கா என்றேன்.
பிரம்மநாயகம் அண்ணாச்சி கொண்டுவந்தது ஃப்ளெக்ஸ்.

எட்டடிக்கு ஆறடி. எட்டாவது வார்டு. சின்னம் சீப்பு.
கும்பிட்ட கையோடு மல்லாந்து கிடந்தார்,
மொட்டைமாடியில், பணகுடி வானத்தைப் பார்த்து.
நாலு மூலைக்கும் செங்கல் வைத்தேன்.
மூக்கின் மேல் ஒன்று வைக்க வேண்டியிருந்தது,
ஆரல்வாய்மொழிக் காற்று அப்படி.
"வையிடே, எனக்கென்ன வலிக்கவா போவுது."

போர்த் தண்ணீர் இதற்கு ஆகாது.
ரெண்டு வருஷத்தில் குழாய்க்குள்
பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர்தான்.
அதனால் பேட்டரித் தண்ணீர், அதில் பச்சைத் திரவம்.
டப்பாவில் எழுதியிருக்கிறது:
பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தைந்து வரை உறையாது.
கண்ணாடியை ஏற்றிவிட்டு ரெண்டு தரம் வாசித்தார்.
"பணகுடியிலயாடே?"

கீழ் வால்வில் நான் பம்பு அடிக்க
மேல் வால்வில் அவர் காது.
முதலில் வந்தது வெறும் காற்று.
பிறகு இருமல். பிறகு நுரை.
"வந்துட்டு!"
இல்லை அண்ணாச்சி, அதுவும் காற்றுதான்,
பச்சை வேஷம் போட்டிருக்கு.
"எண்ணுற அன்னைக்கும் மூணு மணி வரைக்கும்
இப்படித்தான் சொன்னானுவ."

துணி காயப்போட வந்த மரகதவல்லி மதினி
செங்கல் வைத்த மூக்கைப் பார்த்தாள்.
சிரிக்கவில்லை.
வாளியை இடுப்பு மாற்றிக்கொண்டு குனிந்து
மூக்கிலிருந்து எடுத்துச் சீப்பின் மேல் வைத்தாள்.

அறுபத்து மூன்று ஓட்டு.
நானும் எட்டாவது வார்டுதான்.
நான் குத்தியது தென்னைமரத்துக்கு.
யாரும் கேட்கவில்லை.
கை மட்டும் கொஞ்சம் வேகமாக அடித்தது.

முள் நகர்ந்தது. அரை. முக்கால்.
குந்தி உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்.
ஒன்று. ஒன்றேகால்.
ஒன்றரையில் நிறுத்தினேன்.
"இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்லா?"
போதும் அண்ணாச்சி. கூடினால் சேஃப்டி வால்வு பீறிடும்.
"இவ்வளவுதானா?"
இவ்வளவுதான் வேணும்.

செங்கல்லை எடுத்ததும்
காற்று அவரைப் பிடுங்கிக்கொண்டு போய்ப்
பக்கத்து வீட்டு டிஷ்ஷில் மாட்டியது.
அங்கேயும் கும்பிட்டபடி.
தெருவில் சைக்கிளில் போன பால்காரர்
நிமிர்ந்து பார்த்து, பதிலுக்கு
ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி அதைக் கவனிக்கவில்லை.
குழாயைப் பிடித்திருந்தவர்
சட்டென்று கையை எடுத்து உதறினார்.
பிறகு இன்னொரு தரம் தொட்டார்.