மகஜரில் ஒன்று

மகஜர் எழுதத் தொடங்கியபோது மாலை நாலேகால்.
கிச்சிப்பாளையம், மொட்டைமாடி அறை,
தகரக் கூரையின் வெக்கை.
அதற்குள் ஒரு மீன்தொட்டி,
தொட்டிமேல் ஈரத்துண்டு,
துண்டைப் பார்த்துச் சுழலும் சின்ன மின்விசிறி.
உள்ளே
ஏற்காட்டில் ஒரு முழம்.

இனம்: மூங்கில் குழிவிரியன்.
நிறம்: பச்சை.
எந்தப் பச்சை என்று எழுதப் படிவத்தில் இடமில்லை.
மழை விட்ட மறுநாள் மிளகுக்கொடியின் நுனி என்று
பேனாவரை வந்ததை நிறுத்திக்கொண்டேன்.
நீளம்: சுமார் இரண்டடி.
சுமார் என்றால்
யாரும் கிட்டப் போகவில்லை என்று பொருள்.

இளம்பரிதி, இருபத்தாறு, செல்போன் பழுது பார்ப்பவன்.
"விக்கறதுக்கு இல்லீங்க மேடம்.
பதிமூணாவது வளைவுல ரோட்டுல கெடந்துச்சு.
மேலருந்து பஸ்ஸு வந்துச்சு."
பேருந்தைப் பற்றிச் சட்டம் கேட்பதில்லை.
பிடித்தாலே வேட்டைதான்.
தோலுரித்தவனுக்கும்
துண்டு நனைத்துப் போட்டவனுக்கும்
அங்கே ஒரே சொல்.

"லைசென்ஸ் எங்க எடுக்கணும்னு கேட்டேங்க,
ஒருத்தரும் சொல்லல."
இல்லாத ஒன்றை யார் சொல்வார்கள்?
நாய்க்கு மாநகராட்சியில் வாங்கலாம்.
மீனுக்கு ஒன்றும் வேண்டாம்.
இதற்கு மட்டும் ஏற்கெனவே ஓர் உடைமையாளர் உண்டு, தம்பி.
"யாருங்க?"
பிரிவு முப்பத்தொன்பது. அரசாங்கம்.
அவன் தொட்டியைப் பார்த்தான்.
கண்ணில் நெட்டுக்கோடாய் இருந்த கருப்பு
எங்கள் இருவரையும் பார்த்தது,
அல்லது எங்கள் சூட்டை.
"அதுக்குத் தெரியுமா மேடம்?"

மூலையில் கிடந்த உரித்த சட்டையையும்
உறையிலிட்டு ஒட்டினோம்.

குரும்பப்பட்டியில், ஈரச்சாக்குக்கு அடியில்,
வழக்குச் சொத்தாகப் பத்து நாள் சுருண்டிருந்தது.
பதினோராம் நாள் பெட்டி திறந்த காவலர் லூர்துசாமி
எண்ணினார்.
இன்னொரு முறை எண்ணிவிட்டு
எனக்கு போன் போட்டார்.
தாயோடு ஒன்பது.
ஒவ்வொன்றும் பேனா நீளம்;
பயம் மட்டும் முழு அளவு, எங்களுக்கு.

நீதிமன்ற எழுத்தர் வசுமதி
கண்ணாடியை இறக்கினார்.
"பறிமுதல் ஒண்ணு. மீதி எட்டு எங்கருந்து?"
பிறந்தது.
"பிறந்ததுக்கு மகஜர்?"
இல்லை.
"சாட்சி?"
தாய் என்று சொல்ல வந்து
இருமினேன்.

நடைவெளியில் அவன் நின்றிருந்தான், ஜாமீனில்,
வாய்தாவுக்கென்று இஸ்திரி போட்ட சட்டையில்.
"சாப்புடுதாங்க?"
எதிரியோடு பேசக் கூடாது.
எட்டு விரலைக் காட்டினேன்.
முதலில் புரியவில்லை.
புரிந்ததும் அவன் முகம் மலர்ந்த மாதிரி
என் முகம் என் பிள்ளை பிறந்தபோதுகூட மலர்ந்ததா, தெரியாது.
அரை நிமிடம்தான்.
"மேடம், அந்த எட்டுக்கும் சேத்தா
எம்மேல கேஸு?"

உத்தரவு வந்தது:
மேற்படி பாம்பை உகந்த வாழிடத்தில் விடலாம்.
பாம்பை. ஒருமை.
பதிமூன்றாம் வளைவுக்கு மேலே
மூங்கில் புதரில், பனி இறங்கும் நேரம்,
உத்தரவில்லாத எட்டையும் முதலில் விட்டோம்.
பெட்டியைச் சாய்த்ததும்
பச்சைக்குள் பச்சை போய்
எங்கே முடிகிறதென்று தெரியவில்லை.
தாய் அவசரப்படவில்லை.
கீழே பேருந்து ஹாரன் அடித்துத் திரும்பியது.
அறிக்கையில் எழுதினேன்:
ஒன்று விடுவிக்கப்பட்டது.
பொய்யில்லை.

பொருள் எண் இரண்டு, மீன்தொட்டி,
இன்னும் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.
அதற்கு உத்தரவு வரவில்லை.
பொருள் எண் மூன்று, மின்விசிறி.
மே மாதம் பிறந்ததும் ரேஞ்சர் அதை
மெல்லத் தன் மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.