இரண்டு கட்டைவிரல்

முதல் நாள் பின்னல் தாளைக் கொடுத்தேன்.
சோல்ரூன் அதை நேராகத்தான் பிடித்திருந்தாள்.
நேராகப் பிடித்துக்கொண்டே சொன்னாள்:
"எறும்பு ஊர்கிறது."
ஈசாஃபியோர்துர் மீன் ஆலையில்
பார்க்காமலே முள்ளெடுக்கிறவள்.
லாரி ஓட்டும் பார்துர் தாளை மடித்துக்
காபிக் கோப்பைக்கு அடியில் வைத்தான்.
பதினேழு வயது ஹெர்கில்ஸ்
டிஸ்லெக்சியா என்ற சொல்லையே
யாராவது எழுத்துக்கூட்டிப் பார்க்கட்டும் என்றான்.

தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஊசி நுழைகிறது, கம்பளியைச் சுற்றுகிறது,
வெளியே வருகிறது, பழையதை விட்டுவிடுகிறது.
இது ஒரு கண்ணி.
நேர்க்கண்ணிக்கு விரல்நுனியால் மேசையைத் தட்டினேன்,
மறுகண்ணிக்கு முட்டியால்.
டக் டக் தொம் தொம்.
மூன்றாம் வாரம் நான் தட்டவே வேண்டியிருக்கவில்லை.

இடது வலது மட்டும் படியவில்லை.
அந்தச் சொற்களையே விட்டேன்.
ஒரு பக்க ஜன்னலில் கடல், மறுபக்கம் மலை.
"முதல் கையுறைக்குக் கட்டைவிரல் கடல்பக்கம்.
அடுத்ததற்கு மலைப்பக்கம்."
எல்லாம் ஒழுங்காக நடந்தது,
பிப்ரவரியில் வெந்நீர்க் குழாய் வெடித்து
எங்களைப் பள்ளிச் சமையலறைக்குத் துரத்தும்வரை.
அங்கே மலை இருந்தது
பழைய அறையில் கடல் இருந்த பக்கம்.

பார்துருக்கு இரண்டும் இடக்கை.
ஹெர்கில்ஸுக்கும்.
"கடலை நகர்த்தியது யார்?" என்றான் பார்துர்.
நான்தான்.

சோல்ரூன் தன்னுடையதைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.
கேட்ட பிறகு எடுத்தாள்.
ஒரே கையுறையில் இரண்டு கட்டைவிரல்,
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
"எதுவென்று தெரியவில்லை.
பள்ளியிலும் இப்படித்தான்,
எழுத்துக்கு வயிறு எந்தப் பக்கமென்று தெரியாவிட்டால்
ரெண்டு பக்கமும் போட்டுவிடுவேன்."

ஹெர்கில்ஸ் சிரித்தான். பாதியில் நிறுத்தினான்,
பார்துர் அதை வாங்கி மாட்டிக்கொண்டதால்.
சிந்தியிருந்த காபியில் உள்ளங்கையை அழுத்தினான்.
கழற்றினான். திருப்பினான்.
கட்டைவிரல் மற்ற விரலுக்குள் போயிற்று.
ஈரம் இப்போது புறங்கையில்.
"துடுப்புக்காரன் கையுறை இது.
அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் ஒன்று இருக்கு.
பலகையை நான் வாசிக்கவில்லை, பொருளைப் பார்த்தேன்."

கண் பார்த்தால் கை செய்யும் என்பார்கள்.
சோல்ரூன் அந்தக் கட்டிடத்துக்குள் போனதே இல்லையாம்.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு நன்றாயிருக்கும்.
ஆனால் கிளம்பும்போது கேட்டாள்:
ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் உரிமத் தேர்வு, ஏப்ரலில்.
அங்கே வலது என்றுதான் சொல்வார்கள்,
கடல் என்று யார் சொல்லப்போகிறார்கள்.

ஆகவே புதன்கிழமை அரை மணி அதிகம்.
சிவப்புக் கம்பளியில் ஒரு சாண் வெட்டினேன்.
எந்த மணிக்கட்டில் கட்டட்டும் என்றேன்.

இரண்டையும் நீட்டினாள்.